ஒலிமாற்றி இலக்கணம்: கவரைப்பேட்டை உரை

எந்த நூலுக்கும் பாயிரம் வேண்டும். நன்னூலார் கேட்கும் எட்டுச் செய்தியையும் சொல்லாமல் நூலுக்குள் போவது செருப்புக் காலோடு கோயிலுக்குள் போவது போல. ஆகவே சொல்லிவிடுகிறேன். ஆக்கியோன், கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு ரோலிங் மில்லில் கணக்கு எழுதிக்கொண்டு கவரைப்பேட்டையில் வாடகைக்குக் குடியிருப்பவன். வந்த வழி, மவுண்ட் ரோட்டை ஒட்டிய ரிச்சி தெரு. எல்லை, வடக்கே ஆரம்பாக்கம், தெற்கே மூர் மார்க்கெட் வளாகம், கிழக்கே பழவேற்காடு, மேற்கே சத்தியவேடு. யாப்பு, மூன்று மாதத் தவணை. நுதலிய பொருள், கைப்பேசிக்கும் காதுக்கும் நடுவில் தொங்கும் கட்டைவிரல் அளவுக் கருவி. கேட்போர், செவியுடையோர், செவியுடையோர் யார் என்பது பின்னால் வரும். பயன், வாங்கிய பொருளை வீட்டில் நியாயப்படுத்துவது. நூற்பெயர் மேலே இருக்கிறது.

ஆதியில் துளை இருந்தது. 19ஆம் நூற்றாண்டில் தொலைபேசி நிலையத்துப் பெண்கள் ஒரு பலகையில் தடித்த முளையைச் செருகி, கேட்டவருக்குக் கேட்ட இணைப்பைக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அந்த முளைதான் காலப்போக்கில் மெலிந்து மெலிந்து 3.5 மில்லிமீட்டராகி, டிரான்சிஸ்டர் ரேடியோவுக்கும் வாக்மேனுக்கும் வந்து, கடைசியில் கைப்பேசியில் குடியேறியது. 2016 செப்டம்பரில் ஐபோன் 7 வந்தபோது துளையைக் காணோம். ஏன் எடுத்தீர்கள் என்பதற்கு ஆப்பிள் நிறுவனத்தின் ஃபில் ஷில்லர் மேடையில் சொன்ன காரணம், துணிவு. என் வீட்டு எவர்சில்வர் தூக்கு ரயிலில் தொலைந்தபோது அதே காரணத்தை நானும் சொல்லிப் பார்த்தேன். எடுபடவில்லை. பிறகு மற்ற நிறுவனங்களும் ஒவ்வொன்றாகத் துணிந்துவிட்டன. 2019 முதல் ஸ்ரீபெரும்புதூரில் நம் ஊர்ப் பிள்ளைகளே ஐபோன் பூட்டுகிறார்கள். துளை அவர்கள் போட மறந்ததன்று; படத்திலேயே இல்லாதது. அவர்கள் மேல் குற்றமில்லை.

இனி, இலக்கணம். கைப்பேசிக்குள் பாட்டு எண்களாகக் கிடக்கிறது. காதுக்கு எண் தெரியாது. காற்றின் அழுத்தம்தான் தெரியும். எண்ணை மின்னலையாக மாற்றித் தருவது மாற்றி. இதைத் தூய தமிழில் எண்ணிலக்க ஒப்புமை மாற்றி என்றும், ரிச்சி தெருவில் டாங்கிள் என்றும், விவரம் தெரிந்தவர்கள் டாக் என்றும் வழங்குவர். மூன்றாவதைப் பொது இடத்தில் தவிர்ப்பது நல்லது. "டாக் வாங்கியிருக்கேன் அண்ணே" என்று பக்கத்து வீட்டுக்காரரிடம் சொன்னேன். "ராஜபாளையமா, சிப்பிப்பாறையா?" என்றார். "சைனா" என்றேன். கடிக்குமா என்று கேட்டுவிட்டுக் கேட்டைச் சாத்திக்கொண்டார்.

மாற்றி இரு வகைப்படும்: சில்லு உள்ளது, சில்லு இல்லாதது. சில்லு இல்லாததற்கு மாற்றி என்று பெயர் வந்தது எவ்வாறு எனின், பட்ட மரத்தையும் மரம் என்பது போல என்க. சில கைப்பேசிகள் உள்ளேயே மாற்றத்தை முடித்துவிட்டு, டைப்-சி வாய் வழியாக மின்னலையை வெளியே அனுப்பும். அவற்றுக்கு வெறும் கம்பி போதும். மற்றவை எண்ணை மட்டுமே அனுப்பும். அவற்றுக்குக் கம்பியின் நுனியில் சில்லு இருந்தாக வேண்டும். இரண்டும் பார்வைக்கு ஒன்றே. நான் முதலில் வாங்கியது வெறும் கம்பி. என் கைப்பேசி இரண்டாம் வகை. விற்றவரிடம் திரும்பிப் போனபோது, "ஃபோன்லதான் சார் பிரச்னை" என்றார். யோசித்தால் அவர் சொன்னதும் உண்மையே.

எண்ணாக மாற்றுவது நம்மவர்க்குப் புதிதன்று. ஒலியைக் காலத்தால் கூறு போட்டு அளப்பதில் தொல்காப்பியர் முன்னோடி. கண்ணிமைப்பது, விரல் நொடிப்பது, இதுவே அவருடைய மாத்திரை. குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு, ஒற்றுக்கு அரை, மகரக்குறுக்கத்துக்குக் கால். அதற்குக் கீழே அவர் இறங்கவில்லை, தேவைப்படவில்லை. குறுந்தகடு ஒரு நொடியை 44,100 கூறாக வெட்டுகிறது. ஒரு மாத்திரையை நொடியில் மூன்றில் ஒரு பங்கு என்று வைத்துக்கொண்டால், ஒரு குறிலுக்கு 14,700 கூறு. மகரக்குறுக்கத்துக்கு மட்டும் 3,675. தனி ஒரு எழுத்துக்கு இவ்வளவு செலவு செய்த நாகரிகம் முன்பு இருந்ததில்லை.

இந்த 44,100 எங்கிருந்து வந்தது? காதை ஆராய்ந்து வந்தது என்று நெடுங்காலம் நம்பியிருந்தேன். பாதிதான் சரி. மனிதக் காதின் உச்ச வரம்பு 20,000 ஹெர்ட்ஸ். கேட்க வேண்டிய அதிர்வைப் போல இரு மடங்குக்கு மேல் கூறு எடுத்தால் அலை முழுதாகத் திரும்பக் கிடைக்கும் என்பதை ஷானன் என்பவர் 1949இல் நிறுவினார். அப்படியானால் 40,000க்குச் சற்று மேலே எதுவும் போதும். மிச்சமுள்ளதை முடிவு செய்தது தொலைக்காட்சி. தொடக்கத்தில் எண் ஒலியைச் சேமிக்க வீடியோ டேப்தான் கிடைத்தது. ஒரு கோட்டுக்கு 3 கூறு, 245 கோடு, நொடிக்கு 60 முறை. பெருக்கிப் பார்க்கலாம். இசையின் அளவுகோல் டிவி பெட்டியின் கோடுகளால் ஆனது. சோனியும் பிலிப்ஸும் சேர்ந்து வகுத்த அந்தத் தகடு 1982இல் கடைக்கு வந்தது.

கூறு எத்தனை என்பது ஒரு பக்கம். ஒவ்வொரு கூறும் எத்தனை நுட்பமாக அளக்கப்படுகிறது என்பது பிட். ஒரு பிட்டுக்குச் சுமார் 6 டெசிபல். 16 பிட்டுக்கு 96. 24 பிட்டுக்கு 144. இதை முழுதாக அனுபவிக்க விரும்புகிறவர், சொந்த மூச்சே கேட்காத அமைதியில் தொடங்கி, காது கிழியும் ஓசையில் முடிக்க வேண்டியிருக்கும். என் மாற்றியின் அட்டைப்பெட்டியில் 32 பிட் என்று போட்டிருக்கிறது. அதாவது 192 டெசிபல். வளிமண்டலத்தில் ஒலி அலை ஒலி அலையாகவே இருக்கக்கூடிய எல்லை ஏறக்குறைய அங்கேதான் முடிகிறது. அதற்கு மேல் அதற்குப் பெயர் வெடி. தீபாவளிக்கு வாங்கியதாக வீட்டில் சொல்லியிருக்கலாம்.

என் மாற்றியில் ஒரு சிறு விளக்கு உண்டு. பாட்டின் கூறு எண்ணுக்கேற்ப நிறம் மாறும் என்பது அதன் சிறப்பு. 44,100க்குப் பச்சை, 96,000க்குச் செம்பு, இப்படி. முதல் வாரம் கண்ணாலேயே இசை கேட்டேன். எந்தப் பாட்டைப் போட்டாலும் விளக்கு மஞ்சளிலேயே நின்றது. மஞ்சள் என்றால் 48,000. பழுதோ என்று பயந்து படித்துப் பார்த்ததில் தெரிந்தது: ஆண்ட்ராய்டு, பாட்டு எந்த எண்ணில் பிறந்தாலும் பெரும்பாலும் 48,000க்கு மாற்றித்தான் வெளியே விடும். வாட்ஸாப் மணி, அலாரம், பாட்டு எல்லாவற்றையும் ஒரே அண்டாவில் கலக்க வேண்டுமே, அதற்காக. 2023இல் வந்த ஆண்ட்ராய்டு 14, பாட்டை மாற்றாமல் அப்படியே மாற்றிக்கு அனுப்ப வழி திறந்தது. அதற்கு முன்பே சில செயலிகள் யுஎஸ்பி வழியைத் தாமே கைப்பற்றி அதைச் செய்துவந்தன. அப்படி ஒரு செயலியைக் காசு கொடுத்து வாங்கினேன். விளக்கு பச்சையானது. இசையில் எந்த மாறுதலும் தெரியவில்லை. பச்சை நன்றாக இருந்தது.

சில்லுகளின் குணபாடம் தனி நூலாக எழுதத் தக்கது. விவரம் தெரிந்தவர்கள் ஈஎஸ்எஸ் சேபர் சில்லு குளிர்ச்சி என்றும், ஜப்பானின் ஏகேஎம் சில்லு வெதுவெதுப்பு என்றும் பகுத்திருக்கிறார்கள். கத்தரிக்காய் சூடு, வெண்டைக்காய் குளிர்ச்சி என்று வளர்ந்த நமக்கு இதில் வியக்க ஒன்றுமில்லை. பின்பனிக் காலத்தில் சேபர் ஆகாது. 2020 அக்டோபரில் ஏகேஎம் நிறுவனத்தின் நொபெயோகா ஆலை தீப்பற்றி எரிந்து, சில்லுக்குப் பெரும் தட்டுப்பாடு வந்தது. கையிருப்பில் இருந்த பழைய சில்லுகளின் வெதுவெதுப்பு அதன்பின் கூடிவிட்டதை நான் அறிந்த எல்லா ரசிகரும் உணர்ந்தார்கள். அளவிடும் கருவிகள் உணரவில்லை. அக்கருவிகளின் கணக்குப்படி, ஆப்பிள் விற்கும் சுண்டுவிரல் அளவு வால் ஒன்றே 16 பிட்டின் சுத்தத்தை எட்டிவிடுகிறது. கருவிகளுக்குக் கத்தரிக்காயும் ஒத்துக்கொள்ளும். அவற்றை ஒரு சாட்சியாகக் கொள்ளவேண்டாம் என்பது விவரம் தெரிந்தவர்கள் கட்சி.

சில மாற்றிகளில் 4.4 மில்லிமீட்டரில் இன்னொரு துளை இருக்கும். இடது காதுக்கும் வலது காதுக்கும் தனித்தனிப் பெருக்கி. ஒன்றின் ஒலி மற்றதில் ஒரு துளியும் கசியாது. அதற்குக் கூடுதலாகக் கொடுத்து, புதுக் கம்பியும் வாங்கி, நான் முதலில் போட்டது ஒரு பி. சுசீலா பாட்டு. கருப்பு வெள்ளைக் காலத்துப் பாட்டு. தமிழில் ஸ்டீரியோ ஒலிப்பதிவு என்றாலே 1978இல் வந்த 'ப்ரியா'வைத்தான் சொல்வார்கள். அதற்கு முந்தியவை பெரும்பாலும் மோனோ. அதாவது இடதில் வருவதே வலதிலும் வரும். முற்றிலும் ஒன்றான இரண்டு ஒலிகளை, ஒன்றோடொன்று கலந்துவிடாமல், பெரும் பொருட்செலவில் காத்துக்கொண்டிருந்தேன். கலப்பு நேர்ந்ததாக இன்றுவரை புகார் இல்லை. அதே பாட்டை என் அப்பா 720 கிலோஹெர்ட்ஸ் சென்னை வானொலியில் கேட்டார். மத்திய அலையில் நிலையத்துக்கு நிலையம் 9 கிலோஹெர்ட்ஸ்தான் இடைவெளி. ஆகவே பாட்டுக்குக் கிடைப்பது சுமார் 4,500 ஹெர்ட்ஸ் வரை. மீதியை அவர் தாமே போட்டுக்கொண்டார் போலும். கண் கலங்கும் இடத்தில் சரியாகக் கலங்கினார்.

இங்கே நூல் தன் மையத்துக்கு வருகிறது. இதுவரை சொன்னவை எவ்வூர்க்கும் பொது. கவரைப்பேட்டைக்கென்று உள்ள இலக்கணம் ரயிலிலிருந்து பிறக்கிறது.

நான் இசை கேட்பது பெரும்பாலும் மின்சார ரயிலில். சன்னல் திறந்திருக்கும்; வேறு வழியில்லை. பெட்டிக்குள் இரைச்சல் 80 டெசிபல் என்று கொள்வோம். காதுக்குள் நன்றாகப் பொருந்திய ரப்பர் முனை அதில் 20ஐத் தடுக்கும். மீதி 60. பாட்டை 80 டெசிபலில் வைத்தால், இரைச்சலுக்கு மேலே தலைகாட்டும் பாட்டு 20 டெசிபல். ஆறால் வகுக்க, மூன்று பிட் சொச்சம். தாராளமாக நான்கு என்று வைத்துக்கொள்வோம். 32 பிட்டும் மூர் மார்க்கெட்டில் ஏறுகின்றன. நான்குக்குத்தான் உட்கார இடம். மற்ற 28 பிட்டும் பேசின் பிரிட்ஜ், கொருக்குப்பேட்டை, எண்ணூர், அத்திப்பட்டு, மீஞ்சூர், பொன்னேரி என்று நின்றுகொண்டே வந்து, கேட்பாரின்றிக் கவரைப்பேட்டையில் இறங்குகின்றன.

வீட்டில் கேட்கலாமே எனின், என் வீடு ஜி.என்.டி. சாலைக்கும் கூடூர் தண்டவாளத்துக்கும் நடுவில். ஒரு பக்கம் கல்கத்தா வரை போகும் லாரி, மறு பக்கம் கல்கத்தா வரை போகும் ரயில். செவ்வாய்க்கிழமையானால் சிறுவாபுரி முருகன் கோயிலுக்குப் போகும் வண்டிகள். சொந்த வீடு வேண்டிப் போகிறவர்கள் அடிக்கும் ஹாரனை வாடகை வீட்டுக்காரன் குறை சொல்வது அழகன்று. ஆடி மாதத்தில் குழாய் ஸ்பீக்கரில் எல்.ஆர். ஈஸ்வரி. அந்தக் குழாயில் அடி ஒலியும் வராது, மேல் ஒலியும் வராது. ஆனால் மூன்று தெரு தாண்டி ஒவ்வொரு சொல்லும் விளங்கும். என் 32 பிட்டால் இன்னும் செய்ய முடியாத காரியம் அது. 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள் குடியிருப்புக்குப் பகலில் 55 டெசிபல், இரவில் 45 என்கின்றன. விதி இருக்கிறது.

இரவு இரண்டு மணிக்கு, கூட்ஸ் எதுவும் இல்லாத இடைவேளையில், அறை 40 டெசிபலுக்கு இறங்கும்போது கணக்குப் போட்டேன். பத்து பிட். கரண்ட் போய் மின்விசிறியும் நின்றால் அதற்கு மேலும் ஒன்றிரண்டு. ஆகவே இப்பகுதியில் ஒலித்தரத்தை உயர்த்தும் கருவிகளுள் தலையாயது மின்வெட்டு. விலையும் இல்லை.

கேட்போர் யார் என்று பாயிரத்தில் விட்டதை இங்கே சொல்ல வேண்டும். எங்கள் மில்லில் ஃபோர்மேன் ஒருவர் இருக்கிறார். இருபத்தேழு வருடம் உருட்டுப் பாதைக்குப் பக்கத்தில் நின்றவர். எட்டு மணி நேர வேலைக்கு 90 டெசிபல் என்பது தொழிற்சாலை விதியின் உச்சம். காதில் அடைப்பான் வைக்கச் சொன்னால், "வெச்சா மெஷின் பேசுறது கேக்காதுப்பா" என்பார். ஓயாத இரைச்சலில் முதலில் போவது 4,000 ஹெர்ட்ஸ் பக்கம். காது பரிசோதனைத் தாளில் அந்த இடத்தில் ஒரு பள்ளம் விழும். பார்த்த மருத்துவர் தொழிலையே சொல்லிவிடுவார். அந்தப் பள்ளத்தில் விழுபவை வல்லின மெய்கள், முதன்மையாகச் சகரம். "சரி" என்றால் அவருக்கு "அரி" என்று விழுகிறது. இதற்குத் திரிபு விதி தேடினேன், கிடைக்கவில்லை. என் மாற்றியை அவர் காதில் மாட்டி, 96,000 கூறு, 24 பிட் பாட்டு ஒன்றைப் போட்டேன். நெடுநேரம் கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, "கொஞ்சம் சத்தமா வெய்யி" என்றார். என் மாற்றி ஒரு வோல்ட் தரும். சராசரி இயர்ஃபோனுக்கு 85 டெசிபல் எழுப்ப 0.03 வோல்ட் போதும். மீதி எதற்கு என்று விளம்பரம் சொல்லவில்லை. யாருக்கு என்று அன்று தெரிந்தது.

மேலே சொன்னவை தன்மைச் சான்று ஆகையால் ஒரு சோதனையும் செய்தேன். பழைய சார்ஜர் பெட்டிக்குள் கிடந்த நூற்றைம்பது ரூபாய் டாங்கிள் ஒன்று, தவணை மாற்றி ஒன்று. எதை மாட்டியிருக்கிறது என்று நான் பார்க்கக்கூடாது, சொல்ல வேண்டும். மாட்டுவது என் மனைவி. சத்தம் இரண்டிலும் ஒரே அளவு இருக்க வேண்டும் என்பது இதில் முதன்மை. அரை டெசிபல் கூடினாலும் மனம் கூடினதைத்தான் நல்லது என்னும். உலகில் பாதி மாற்றிகள் விற்பது இந்த அரை டெசிபலால்தான் என்பது என் துணிபு. பதினாறு முறை கேட்டேன். எட்டு சரி. பிறகு அவள் கேட்டாள், நான் மாட்டினேன். பதினாறும் சரி. அசந்துபோய் எப்படி என்று கேட்டேன். "விலை கூடினதை மாட்டும்போது உங்க கை நடுங்குதுங்க" என்றாள்.

எட்டுக்கு வெட்கப்பட வேண்டியதில்லை. 2007இல் அமெரிக்க ஒலிப் பொறியியல் சங்கத்தின் இதழில் மேயர், மோரன் என்ற இருவர் எழுதிய ஆய்வு வந்தது. உயர்தரத் தகட்டின் ஒலியை நேராகவும், நடுவில் 16 பிட், 44,100 என்னும் சந்து வழியே நுழைத்தும் மாறி மாறிப் போட்டார்கள். 554 முறை கேட்கவைத்ததில் 276 முறை சரியாகச் சொன்னார்கள். காசு சுண்டியிருந்தாலும் இதே விடைதான் வந்திருக்கும். ஆனால் காசுக்கு இசை ரசனை இல்லை என்பது அப்போதே சொல்லப்பட்ட மறுப்பு.

வேறுபாடே இல்லையா எனின், அற்றன்று. யூடியூபில் வரும் ஒலி நொடிக்குச் சுமார் 130 கிலோபிட். தகட்டில் இருப்பது 1,411. நல்ல பதிவுக்கும், நாலு கை மாறி நசுங்கி வந்த பதிவுக்கும் உள்ள தூரம் எந்தக் காதுக்கும் தெரியும். இயர்ஃபோன் மாறினால் ஃபோர்மேனுக்கே தெரியும். மட்டமான டாங்கிளில் பாட்டு நிற்கும் இடங்களில் ஒரு 'ஸ்ஸ்' இருக்கும், நல்லதில் இராது. அதற்குமேல் கொடுக்கும் ஒவ்வொரு ஆயிரமும் விளக்கின் நிறத்துக்குக் கொடுப்பது.

கடைசியாக ஒன்று. எண்ணை இவ்வளவு பாடுபட்டு அலையாக மாற்றி உள்ளே அனுப்புகிறோம். உள்ளே என்ன நடக்கிறது? நத்தை போல் சுருண்ட ஒரு குழல். அதில் சுமார் 3,500 உள் மயிர்ச் செல்கள். அவை அலையை வாங்கி, ஏறக்குறைய 30,000 நரம்பிழைகளில் மின்துடிப்பாக மூளைக்கு அனுப்புகின்றன. துடிப்பு உண்டு அல்லது இல்லை. அரைத் துடிப்பு கிடையாது. அதாவது, திரும்பவும் எண். இத்தனை செலவில் நான் அவிழ்த்ததை என் காது சத்தமில்லாமல் மறுபடி முடிந்துவிடுகிறது. இந்த மாற்றிக்கு மாற்று எந்தத் தெருவிலும் விற்பதில்லை. கெட்டால் வளராது.

நிற்க. சென்ற வெள்ளிக்கிழமை மாலை மூர் மார்க்கெட்டிலிருந்து சூளூர்ப்பேட்டை போன வண்டியில், என்ஜின் பக்கமிருந்து மூன்றாவது பெட்டியில், இடது காதின் ரப்பர் முனை கழன்று விழுந்துவிட்டது. நடுத்தர அளவு, சாம்பல் நிறம். அது இல்லாவிட்டால் காது அடைபடாது, மிருதங்கத்தின் இடந்தலை கேட்காது, மாற்றி இருந்தும் பயனில்லை. கும்மிடிப்பூண்டி பஜாரில் நாலு கடை ஏறிவிட்டேன், தனியாக விற்பதில்லையாம். கண்டெடுத்தவர் கவரைப்பேட்டை ஸ்டேஷன் வாசல் டீக்கடையில் கொடுத்துவிட்டால் போதும்.